குரல் நாண் முடிச்சுகள்: அறுவை சிகிச்சை தேவையா?

நாள் முழுவதும் வகுப்பறையில் உரக்கப் பேசும் ஆசிரியரா நீங்கள்? சந்தையில் கூவி விற்பவரா? கோயிலில் பஜனை பாடுபவரா? காலையில் ஓரளவு தெளிவாக இருக்கும் குரல் மாலைக்குள் கரகரத்துப்போனால், குரல் நாண்களில் முடிச்சுகள் உண்டாகியிருக்கலாம்.

பேசும்போது இரண்டு குரல் நாண்களும் வினாடிக்கு 100 முறைக்கு மேல்கூட ஒன்றோடொன்று மோதுகின்றன. ஓயாமல் கத்திப் பேசினால், அதிகம் உராயும் இடத்தில் இருபுறமும் தடித்துவிடும். உள்ளங்கை காய்த்துப்போவது போலத்தான். இது புற்றுநோய் அல்ல.

“வெட்டி எடுத்துவிட்டால் முடிந்ததே?” என்று பலர் கேட்கிறார்கள். அறுவை சிகிச்சை முடிச்சை நீக்கும். முடிச்சு வரக் காரணமான பேச்சுப் பழக்கத்தை நீக்காது. பழக்கம் தொடர்ந்தால் முடிச்சு மீண்டும் வரலாம். அதனால்தான் முதலில் குரல் சிகிச்சை பரிந்துரைக்கப்படுகிறது. தொண்டையை இறுக்காமல், மூச்சின் துணையோடு பேசுவதற்குப் பேச்சு சிகிச்சையாளர் கற்றுத் தருவார். சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை, வீட்டிலும் தினமும் பயிற்சி செய்ய வேண்டும். பொறுமை தேவைதான். ஆனால் பலருக்கு இதிலேயே முடிச்சு சிறுத்து, குரல் தேறிவிடுகிறது.

இதற்கிடையே போதுமான தண்ணீர் குடியுங்கள். வகுப்பில் ஒலிவாங்கி பயன்படுத்துங்கள். அடிக்கடி தொண்டையைச் செருமாதீர்கள். கிசுகிசுத்துப் பேசுவது குரலுக்கு ஓய்வு என்று நினைக்க வேண்டாம். அதுவும் சிரமம் தரக்கூடும். கற்கண்டும் மிளகும் தொண்டைக்கு இதமாக இருக்கலாம், ஆனால் விழுங்குவது குரல் நாண்களின் மேல் படுவதில்லை, முடிச்சைக் கரைக்காது.

முறையாகப் பயிற்சி செய்தும் குரல் தேறாவிட்டால், அல்லது அது முடிச்சல்ல, நீர்க்கட்டி போன்ற வேறொன்று எனத் தெரிந்தால், மருத்துவர் அறுவை சிகிச்சை பற்றிப் பேசுவார். மயக்க மருந்து கொடுத்து, வாய் வழியாகச் செய்யப்படுவதால் கழுத்தில் தழும்பு இருக்காது. குரல் நாணில் தழும்பு ஏற்பட்டால் குரல் நிரந்தரமாக மாறக்கூடும். பாடுபவர்கள் இதை மருத்துவரிடம் விரிவாகக் கேட்டறிய வேண்டும். அறுவைக்குப் பிறகு சில நாட்கள் பேசாமலிருக்க நேரிடும். வேலைக்கு எப்போது திரும்பலாம் என்பதையும் முன்பே கேளுங்கள். குரல் பயிற்சி அப்போதும் தொடரும்.

கத்தி விளையாடும் பிள்ளைகளுக்கும் முடிச்சுகள் வருவதுண்டு. வளரும்போது பெரும்பாலும் சரியாகிவிடும்; அறுவை சிகிச்சை அரிதாகவே தேவைப்படும்.

குரல் கம்மல் மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்தால் பலதுறை மருந்தகத்திற்குச் செல்லுங்கள். காது, மூக்கு, தொண்டை நிபுணர் சிறு கேமரா மூலம் குரல் நாண்களைப் பார்த்த பிறகே காரணம் உறுதியாகும். நீங்கள் புகைபிடிப்பவராக இருந்தாலோ, விழுங்குவதில் சிரமம், இருமலில் இரத்தம், கழுத்தில் கட்டி ஆகியவை இருந்தாலோ, மூன்று வாரங்கள் காத்திருக்க வேண்டாம். மூச்சுத் திணறினால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.