சிப்பாய்த் தளபதி கான்சாகிபு

தென்காசிச் சீமையின் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர் கோட்டைகளை 1761-ல் பாளையக்காரர் பூலித்தேவரிடமிருந்து கைப்பற்றியவர் யூசுப்கான் என்ற கான்சாகிபு. மருதநாயகம் என்ற பெயரே இன்று பிரபலம். எளிய குடும்பத்தில் பிறந்த இவர், திருச்சி முற்றுகையின்போது எதிரிகளுக்கு நடுவே உணவு வண்டிகளைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தார். அந்தத் திறமையைக் கண்ட கிழக்கிந்தியக் கம்பெனியின் மேஜர் லாரன்ஸ் பரிந்துரைக்க, 1754-ல் கம்பெனிச் சிப்பாய்கள் அனைவருக்கும் தளபதியானார். அன்றைய நிலையில் இந்தியர் ஒருவருக்கு இது மிகப் பெரிய உயர்வு.

பின்னர் மதுரை, நெல்லைச் சீமைகளைத் திறம்பட நிர்வகித்தார். ஆனால் ஆற்காட்டு நவாபு முகமது அலிக்கு அடங்க மறுத்தார். கம்பெனியோ நவாபின் பக்கம் நின்றது. 1763-ல் பிரெஞ்சுக் கொடியை ஏற்றி இருவரையும் எதிர்த்தார். நீண்ட முற்றுகைக்குப் பின் சொந்த ஆட்களாலேயே காட்டிக்கொடுக்கப்பட்டு, 1764 அக்டோபர் 15 அன்று மதுரையில் தூக்கிலிடப்பட்டார்.