பழத்துக்குள் விதை ஏன் முளைப்பதில்லை?

ஒரு பப்பாளியை நெடுக்காக வெட்டினால் உள்ளே நூற்றுக்கணக்கான கறுப்பு விதைகள். அங்கே ஈரம் இருக்கிறது, நம் ஊர் வெயிலில் கதகதப்புக்கும் குறைவில்லை. அப்படியிருந்தும் அந்த விதைகள் சாதாரணமாகப் பழத்துக்குள் முளைவிடுவதில்லை. ஏன்?

இந்தக் கேள்வியை வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். விடை தேட ஆய்வுக்கூடம் வேண்டாம். குப்பைக்குப் போகும் விதைகளும் கொட்டைகளும், கொஞ்சம் மண்ணும், அடியில் துளையிட்ட பழைய தயிர் டப்பாக்களும் போதும்.

பப்பாளியிலேயே தொடங்கலாம். ஒரு விதையை எடுத்து இரண்டு விரல்களுக்கு நடுவே வைத்து அழுத்தச் சொல்லுங்கள். முதலில் வழுக்கி ஓடும். இன்னும் அழுத்தினால் மேலே உள்ள மெல்லிய பை உடைந்து நீர் தெறிக்கும். உள்ளிருந்து சொரசொரப்பான உண்மையான விதை வெளியே வரும். அந்த வழவழப்பான உறையில்தான் முளைப்பைத் தடுக்கும் வேதிப்பொருள்கள் இருக்கின்றன. தக்காளி விதையைச் சுற்றியுள்ள கொழகொழப்புக்கும் இதே வேலைதான். பறவையோ அணிலோ பழத்தைத் தின்று, விதையைத் தாய்மரத்துக்கு அப்பால் கொண்டுபோய்ப் போட்ட பிறகு முளைத்தால்தான் கன்றுக்கு வெயிலும் இடமும் கிடைக்கும். பழத்துக்குள்ளேயே எல்லாம் முளைத்துவிட்டால் ஒன்றை ஒன்று நெருக்கியே மடிந்துவிடும்.

இதைச் சோதித்துப் பார்ப்பது எளிது. ஒரு டப்பாவில் பழத்திலிருந்து எடுத்த விதைகளை அப்படியே ஊன்றுங்கள். இன்னொன்றில், வடிகட்டியில் போட்டு உறை போகத் தேய்த்துக் கழுவி, நிழலில் உலர்த்திய விதைகளை ஊன்றுங்கள். மண், தண்ணீர், வெயில் மூன்றும் இரண்டுக்கும் ஒன்றாகவே இருக்கட்டும். இரண்டு மூன்று வாரங்களில் எந்த டப்பா முந்துகிறது என்று பிள்ளைகளே எண்ணிச் சொல்வார்கள். ஒன்றை மட்டும் மாற்றி, மற்றதையெல்லாம் மாறாமல் வைப்பதுதான் பரிசோதனை என்பதன் அடிப்படை. அது எந்தச் சூத்திரமும் இல்லாமல் அவர்களுக்குப் புரிந்துவிடும்.

ஆப்பிள் விதைக்கு வேறு நிபந்தனை. அதன் பூர்வீகம் மத்திய ஆசியாவின் மலைகள். இலையுதிர் காலத்தில் விழும் விதை உடனே முளைத்தால் அடுத்து வரும் பனியில் கன்று கருகிவிடும். அதனால் நீண்ட குளிர் ஒன்றைக் கடந்த பிறகே அது விழிக்கும். சென்னை வெயிலில் நேரடியாக ஊன்றினால் முளைப்பது அரிது. ஈரத்துணியில் பொதிந்து, டப்பாவில் மூடி, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் இரண்டு மூன்று மாதம் வைத்துப் பாருங்கள், ஃப்ரீசரில் வேண்டாம். ஃப்ரிட்ஜின் குளிரைப் பனிக்காலம் என்றே விதை எடுத்துக்கொள்ளும். குளிர்பதனக் கிடங்கில் மாதக்கணக்கில் கிடந்த ஆப்பிளை நறுக்கும்போது, சில சமயம் உள்ளேயே விதை முளைவிட்டிருப்பதற்கும் இதுதான் காரணம்.

மாங்கொட்டையோ காத்திருக்கவே தெரியாதது. ஈரமான வெப்பமண்டலத்து மரங்கள் பலவற்றின் விதைகள் காய்ந்தால் செத்துவிடும். மாவும் பலாவும் அந்த வகை. நன்றாகப் பழுத்து நாளான பலாவை அறுத்தால் சில கொட்டைகள் வெள்ளை வேர் விட்டிருப்பதைப் பார்க்கலாம். எனவே மாம்பழம் தின்ற சில நாட்களுக்குள் கொட்டையை ஊன்றிவிட வேண்டும். பெரியவர் ஒருவர் ஓட்டைப் பிளந்து பருப்பை மட்டும் எடுத்துக் கொடுத்தால் இன்னும் விரைவாக முளைக்கும். முதலில் வரும் இலைகள் பச்சையாக இருக்காது. செம்பு நிறத்தில் துவண்டு தொங்கும். வாடிவிட்டதோ என்று பிள்ளைகள் பயப்படுவார்கள். பச்சையம் இன்னும் சேராத இளந்தளிரில் ஆந்தோசயனின் என்ற செந்நிறமி நிறைந்திருக்கிறது, அவ்வளவுதான். புடவைக் கடையில் மாந்தளிர் நிறம் என்கிறோமே, அது இது.

இதற்கு நேர்மாறு பேரீச்சை. இஸ்ரேலின் மசாடா கோட்டையில் 1960களில் நடந்த அகழாய்வில் கிடைத்த பேரீச்சங்கொட்டை ஒன்றை 2005-இல் ஊன்றினார்கள். முளைத்தது. அதன் வயது சுமார் 2,000 ஆண்டு. வறண்ட நிலத்து விதைக்குக் காத்திருப்பதே பிழைக்கும் வழி.

எலுமிச்சை விதையை ஊன்றினால் இன்னொரு வியப்பு. ஒரே விதையிலிருந்து இரண்டு, சில சமயம் மூன்று கன்றுகள் எழும். நுண்ணோக்கியால் புகழ்பெற்ற டச்சுக்காரர் லீவன்ஹூக் ஆரஞ்சு விதையில் இதை 1719-இலேயே கண்டார். மகரந்தச் சேர்க்கையால் உருவாகும் கரு ஒன்றுதான். மற்றவை தாய்ச்செடியின் திசுவிலிருந்தே உருவாகி, தாயின் அச்சாகவே வளர்பவை. மாவிலும் வெள்ளைக் கொழும்பான் போன்ற ரகங்கள் இப்படித்தான். மல்கோவாவும் நீலமும் அப்படியல்ல. அவற்றின் கொட்டைக்குள் ஒரே கருதான்; அதில் வேறொரு மரத்தின் பங்கும் கலந்திருக்கலாம். மல்கோவா கொட்டையிலிருந்து மல்கோவாவே வரும் என்று சொல்ல முடியாது. நாற்றுப்பண்ணையில் ஒட்டுக்கன்று விற்பது இதற்காகத்தான்.

வாழைப்பழத்தில் விதை எங்கே என்று எந்தப் பிள்ளையும் கேட்கும். பழத்தைக் குறுக்கே நறுக்கினால் நடுவில் தெரியும் கரும்புள்ளிகள்தான் விதையாகாமல் நின்றுபோனவை. நாம் தின்னும் வாழைகளில் பெரும்பாலானவை மூன்று தொகுதிக் குரோமோசோம்கள் கொண்டவை. அவற்றால் விதையை உருவாக்க முடியவில்லை. மனிதர் பக்கக்கன்றைப் பிரித்து நட்டுக்கொண்டே வருவதால்தான் அந்த இனம் தொடர்கிறது.

அடுத்த முறை பழம் நறுக்கும்போது பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஒவ்வொரு டப்பாவிலும் பழத்தின் பெயரையும் ஊன்றிய தேதியையும் அவர்கள் கையாலேயே எழுதி ஒட்டட்டும். ஆப்பிள் விதையை மெல்லக் கூடாது என்று சொல்லிவையுங்கள். அதில் நச்சுப்பொருள் உண்டு. முளைக்காத விதையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். தோண்டி எடுத்துப் பார்க்கட்டும்: அழுகியதா, காய்ந்ததா, இன்னும் உறங்குகிறதா? காரணத்தை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லாதீர்கள். தானாகக் கண்டுபிடித்த ஒரு காரணம், பாடப்புத்தகத்தில் படித்த பத்துப் பக்கங்களைவிட ஒரு பிள்ளையின் மனதில் ஆழமாக நிற்கும்.