ஈடு கேட்காத முதல்: ஆர்தர் ராக் ஆளைப் பார்த்துப் பணம் போட்ட கதை

“தொழில் தெரியும், கையில் முதல் இல்லை.” படித்து முடித்த பிள்ளைகள் பலர் வீட்டில் சொல்லும் பேச்சு இது. வங்கிக்குப் போனால் பத்திரம் இருக்கிறதா, ஜாமீன் போட ஆள் உண்டா என்று கேட்கிறார்கள். உறவினரிடம் கேட்கக் கூச்சம். அப்படி அலையும்போதுதான் ‘வென்ச்சர் கேபிடல்’ என்ற பெயர் அவர்கள் காதில் விழுகிறது. தமிழில் இதைத் துணிகர மூலதனம் என்கிறார்கள்.

இந்தப் பணத்தை யார் கொடுக்கிறார்கள்? எதை நம்பிக் கொடுக்கிறார்கள்? திரும்ப வராவிட்டால் என்ன ஆகும்? இத்தொழிலை அமெரிக்காவில் உருவாக்கியவர்களில் முதன்மையான ஒருவரின் வாழ்க்கையைக் கொண்டே இவற்றைப் புரிந்துகொள்ள முயல்வோம். அவர் பெயர் ஆர்தர் ராக்.

அதற்கு முன் ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்வோம். கடன் கொடுத்தவருக்குத் தொழில் ஓடினாலும் படுத்தாலும் தவணை வந்தாக வேண்டும். துணிகர முதலீட்டாளர் பெரும்பாலும் கம்பெனியில் பங்கு வாங்குகிறார். கம்பெனி வளர்ந்தால் அவர் பங்கின் மதிப்பும் வளரும். கம்பெனி மூடப்பட்டால் அவர் போட்ட பணமும் போய்விடும்.

மிட்டாய்க் கடையிலிருந்து வால் ஸ்ட்ரீட்டுக்கு

ஆர்தர் ராக் 1926-ல் நியூயார்க் மாநிலத்தின் ராசெஸ்டர் நகரில் பிறந்தார். தந்தைக்குச் சிறிய மிட்டாய்க் கடை. மகனும் அதில் வேலை செய்தார். சிறு வயதில் போலியோ தாக்கியதால் மற்றப் பிள்ளைகளைப் போல ஓடியாட முடியவில்லை. 1948-ல் சிராகியூஸ் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். 1951-ல் ஹார்வர்டில் எம்.பி.ஏ. முடித்தார். பிறகு நியூயார்க்கில் ஹேடன் ஸ்டோன் என்ற முதலீட்டு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார்.

ஒரு கடிதமும் பத்து டாலர் நோட்டுகளும்

1957-ல் அந்த நிறுவனத்துக்குக் கலிபோர்னியாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் யூஜின் கிளைனர் என்ற பொறியாளர். நோபல் பரிசு பெற்ற வில்லியம் ஷாக்லியின் ஆய்வகத்தில் வேலை செய்தவர். ஷாக்லி பெரிய விஞ்ஞானி. ஆனால் அவருக்குக் கீழே வேலை செய்வது முடியாத காரியமாகிவிட்டது. “நாங்கள் சிலர் சேர்ந்தே வெளியேற விரும்புகிறோம். எங்கள் எல்லோரையும் ஒன்றாக வேலைக்கு எடுக்கும் கம்பெனி ஏதாவது உண்டா?” இதுதான் கடிதத்தின் சாரம்.

கடிதம் ராக்கின் கைக்கு வந்தது. அவரும் மேலதிகாரி பட் கோய்லும் விமானம் ஏறி நேரில் போய்ப் பார்த்தார்கள். வந்தவர்களின் திறமையைக் கண்டபின் ராக் சொன்ன யோசனை வேறு: “ஏன் வேலை தேடுகிறீர்கள்? சொந்தமாகக் கம்பெனி தொடங்குங்கள்.” அந்த எண்ணமே அதுவரை அவர்களுக்குத் தோன்றவில்லை. ஒப்பந்தப் பத்திரம் எதுவும் தயாராக இல்லாததால், கோய்ல் பத்து ஒரு டாலர் நோட்டுகளை எடுத்து வைத்தார். எட்டு விஞ்ஞானிகளும் இவ்விருவரும் அவற்றில் கையெழுத்திட்டார்கள்.

பணம் எளிதில் கிடைக்கவில்லை. ஏறக்குறைய முப்பத்தைந்து கம்பெனிகளை அணுகினார் ராக். எல்லோரும் கையை விரித்தார்கள். கடைசியில் ஷெர்மன் ஃபேர்சைல்ட் என்ற தொழிலதிபரின் கம்பெனி சுமார் 14 லட்சம் டாலர் தர இசைந்தது. ஆனால் 30 லட்சம் டாலர் கொடுத்து முழுக் கம்பெனியையும் வாங்கிக்கொள்ளும் உரிமையைத் தன் கையில் வைத்துக்கொண்டது. இப்படிப் பிறந்ததுதான் ஃபேர்சைல்ட் செமிகண்டக்டர்.

இரண்டே ஆண்டில், 1959-ல், அந்த உரிமையைத் தாய்க் கம்பெனி பயன்படுத்தியது. ஆளுக்கு 500 டாலர் போட்டிருந்த எட்டுப் பேருக்கும் தலா சுமார் மூன்று லட்சம் டாலர் மதிப்புள்ள பங்குகள் கிடைத்தன. அதற்குப்பின் அவர்கள் தங்கள் கம்பெனியிலேயே சம்பளக்காரர்கள்.

இன்டெல்லுக்கு இரண்டு நாள்

அறிவாளிகள் மேற்குக் கரையில், பணம் கிழக்குக் கரையில் என்பதைக் கண்ட ராக் 1961-ல் சான் பிரான்சிஸ்கோவுக்குக் குடிபெயர்ந்தார். டாமி டேவிஸ் என்பவருடன் கூட்டாக முதலீட்டு நிறுவனம் தொடங்கினார். பணம் போட்டவர்கள் வேறு. தேர்ந்தெடுத்து நடத்துபவர்கள் இவ்விருவர். லாபத்தில் ஐந்தில் ஒரு பங்கு நடத்துபவர்களுக்கு. இன்றும் இத்தொழிலில் பரவலாக உள்ள முறை இதுவே. ஏழு ஆண்டுகளில் சுமார் 30 லட்சம் டாலர் முதலிட்டு, ஏறக்குறைய 10 கோடி டாலராகத் திருப்பித் தந்தார்கள்.

1968-ல் அந்த எட்டுப் பேரில் இருவரான ராபர்ட் நாய்ஸும் கார்டன் மூரும் ஃபேர்சைல்டை விட்டு வெளியேற முடிவு செய்தார்கள். நாய்ஸ் ராக்குக்குத் தொலைபேசினார். சில பக்கங்களில் ஒரு திட்டத்தை எழுதிக்கொண்டு, ராக் இரண்டு நாளுக்குள் தொலைபேசியிலேயே 25 லட்சம் டாலர் திரட்டினார். அதுதான் இன்டெல். முதல் தலைவராக ராக்கே இருந்தார். 1957-ல் முப்பத்தைந்து கதவுகளைத் தட்ட வேண்டியிருந்தது. 1968-ல் ஒரு போன் போதுமாயிற்று. இடையில் இருந்த பதினோரு ஆண்டுப் பழக்கமும் நாணயமும்தான் காரணம்.

திட்டத்துக்கு முன் மனிதர்

ராக் 1987-ல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ இதழில் எழுதிய கட்டுரையில் தன் முறையை வெளிப்படையாகச் சொன்னார். ஆண்டுக்குச் சுமார் 300 திட்டங்களைப் பார்ப்பார். அவற்றில் ஒன்றிலோ இரண்டிலோதான் பணம் போடுவார். அப்படிப் பொறுக்கி எடுத்தவற்றிலும் பாதி எதிர்பார்த்தபடி நடக்காது. நல்ல யோசனைகளுக்குப் பஞ்சமில்லை, அவற்றை நடத்திக் காட்டும் ஆட்களுக்குத்தான் பஞ்சம் என்பது அவர் கண்ட உண்மை.

எனவே திட்டம் கைக்கு வந்தால் முதலில் அதை எழுதியவர்களின் பின்னணியைத்தான் படிப்பார். நேரில் பார்க்கும்போது, யாரை மதிக்கிறீர்கள், என்ன தவறு செய்தீர்கள், அதிலிருந்து என்ன கற்றீர்கள் என்பன போன்றவற்றைக் கேட்பார். தனக்குத்தானே உண்மை பேசுகிறவரா என்று கவனிப்பார். சறுக்கும்போது அதை ஒத்துக்கொள்ளாதவரிடம் பணம் தங்காது என்பது அவர் அனுபவம். பணக்காரராக மட்டும் ஆசைப்படுகிறவரைவிட, நல்ல கம்பெனி ஒன்றைக் கட்டத் துடிப்பவரையே அவர் விரும்பினார்.

முதல் பார்வையை மட்டும் அவர் நம்பவில்லை. ஆப்பிள் கம்பெனியின் இளைஞர்கள் வந்தபோது அவர்களுடைய தோற்றம் அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் இன்டெல்லில் வேலை பார்த்த மைக் மார்க்குலா அவர்களோடு நின்றார். கணினிக் கண்காட்சியில் ஆப்பிள் அரங்கின் முன் மொய்த்த கூட்டத்தையும் ராக் நேரில் பார்த்தார். 1978-ல் அவர் போட்ட 57,600 டாலர், 1980-ல் ஆப்பிள் பங்குச் சந்தைக்கு வந்தபோது சுமார் 1 கோடியே 40 லட்சம் டாலராக இருந்தது.

மறுபக்கமும் உண்டு

பங்கு கொடுத்தால் அதிகாரத்திலும் பங்கு கொடுக்கிறோம். 1985-ல் ஆப்பிளில் ஸ்டீவ் ஜாப்ஸுக்கும் தலைமை நிர்வாகி ஸ்கல்லிக்கும் மோதல் வந்தபோது, இயக்குநர் குழு ஸ்கல்லியின் பக்கம் நின்றது. அக்குழுவில் ராக்கும் ஒருவர். கம்பெனியைத் தொடங்கிய ஜாப்ஸ் வெளியேற நேர்ந்தது. முதலீட்டாளர் முதலில் பார்ப்பது கம்பெனியின் நலனை. தொடங்கியவரின் நலன் அதற்குப் பிறகுதான்.

இந்தப் பணம் எல்லாத் தொழிலுக்கும் பொருந்தாது என்பதையும் பிள்ளைகள் அறிய வேண்டும். பத்தில் சில மூழ்கினால், மிச்சம் உள்ளவை பல மடங்கு வளர்ந்து அதை ஈடுகட்ட வேண்டும். அதனால் வேகமாகப் பெருகக்கூடிய தொழிலையே இவர்கள் தேடுகிறார்கள். ஒரு மளிகைக் கடையோ தையலகமோ நேர்மையாக நடந்து குடும்பத்தைக் காப்பாற்றினாலும் இவர்கள் கணக்கில் வராது. அது அத்தொழிலின் குறையல்ல. அவற்றுக்குச் சிறு கடனும் தெரிந்தவர்களின் கூட்டுமே ஏற்றவை.

முதல் தேடிப் போகும் பிள்ளைகளிடம் நாம் சொல்வது இது: யாரிடம் போனாலும், இதுவரை செய்த வேலை, அதில் செய்த தவறு, அதைத் திருத்திய விதம் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். எவ்வளவு பங்கு கைவிட்டுப் போகிறது என்பதைக் கையெழுத்துக்கு முன் படித்துப் பாருங்கள்.

கையில் நாலு காசு வைத்திருக்கும் பெரியவர்களிடமும் ஒன்று சொல்வோம். ஒரு பிள்ளை யோசனையோடு வந்து நின்றால், பத்திரத்தைக் கேட்குமுன் அந்தப் பிள்ளையோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுங்கள். ஆர்தர் ராக் அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு ஓரமாக வைத்திருக்கலாம். விமானம் ஏறிப் போய்ப் பேசினார். எட்டுப் பேருக்கு வழி திறந்தது.