பல் மருத்துவருக்குத் துணிவு பிறப்பது எங்ஙனம்?

மனித உடலில் மிகக் கடினமான பொருள் எது என்று கேட்டால், எலும்பு என்று பலர் விடை கூறுவர். அது சரியன்று. பல்லின் மேற்புறத்தைப் போர்த்தியிருக்கும் எனாமல் என்னும் உறையே யாவற்றினும் கடினமானது. ஆயினும் அதற்கு ஒரு பெருங்குறை உண்டு. ஒடிந்த எலும்பு கூடிவிடும். கிழிந்த தோல் வளர்ந்து மூடிக்கொள்ளும். தேய்ந்த எனாமல் மட்டும் மீண்டும் வளராது. அதை உருவாக்கிய உயிரணுக்கள், பல் ஈறைவிட்டு வெளிவரும்போதே மறைந்துபோகின்றன. ஆகவே, ஒரு மருத்துவர் தம் கருவியால் அரை மில்லிமீட்டர் எனாமலைச் சீவி எடுத்துவிட்டால், எத்துணைச் செல்வம் கொடுத்தாலும் அதைத் திரும்பப் பெற இயலாது.

முன்பற்களை அழகுபடுத்தும் வேலையின் அருமை இங்கேதான் இருக்கிறது. கடைவாய்ப் பல்லில் நிறம் சற்று மாறியிருந்தால் எவரும் அதைப் பார்க்கப்போவதில்லை. முன்பல்லிலோ, மயிரிழை வேறுபாடும் சிரிக்குந்தோறும் வெளிப்படும். சொத்தையை அடைப்பதிலும் பல்லை எடுப்பதிலும் நன்கு தேர்ந்த இளம் மருத்துவர் பலர், இத்தகைய வேலை என்றதும் தயங்குவதை நான் கண்டிருக்கிறேன். வேறு சிலர் சிறிதும் தயங்குவதில்லை. இவ்விரு சாராரில் எவரிடம் நம் பல்லை ஒப்படைக்கலாம்? துணிவு என்பது எதனால் ஆனது என்று தெரிந்துகொண்டால், இந்த வினாவுக்கு விடை கிடைத்துவிடும்.

முதலில் இக்கலையின் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1930-களில் அமெரிக்காவில் சார்லஸ் பிங்கஸ் என்னும் பல் மருத்துவர், திரைப்பட நடிகர்களின் பற்கள்மேல் மெல்லிய ஓடுகளைப் பொருத்தி அனுப்பினார். செயற்கைப் பல்வரிசையை நிறுத்தும் பொடியே அவற்றுக்குப் பசை. படப்பிடிப்பு முடிந்ததும் ஓடுகளைக் கழற்றிவிடலாம். நிலைத்து ஒட்டும் வழி அன்று இல்லை. 1955-இல் மைக்கேல் புவோனகோர் என்பவர், எனாமலின்மேல் பாஸ்பாரிக் அமிலத்தைச் சிறிது நேரம் தடவிக் கழுவினால், பின்னர் அதன்மேல் இடும் ரெசின் பன்மடங்கு உறுதியாக ஒட்டுகிறது என்று காட்டினார். அமிலம் அரித்த நுண்குழிகளுக்குள் ரெசின் புகுந்து இறுகுவதே காரணம். 1980-களில் பீங்கான் ஓட்டின் உட்புறத்தையும் அவ்வாறே அரித்து ஒட்டும் முறை பரவியது. ஒட்டு நிலைத்தது, அதனோடு மருத்துவரின் பொறுப்பும் பெருகியது. ஓட்டுக்கு இடம் செய்வதற்காகப் பல்லைச் சீவியபின், ‘வேண்டாம்’ என்று பழைய நிலைக்குத் திரும்ப வழியில்லை அல்லவா?

இனித் துணிவுக்கு வருவோம். ஆல்பர்ட் பண்டூரா என்னும் உளநூல் அறிஞர், ‘இச்செயல் என்னால் முடியும்’ என்னும் நம்பிக்கை நான்கு ஊற்றுகளிலிருந்து பிறக்கிறது என்று 1977-இல் எழுதினார். தானே செய்து வெற்றி கண்ட அனுபவம் ஒன்று. பிறர் செய்யக் காண்பது ஒன்று. பிறர் கூறும் ஊக்கமொழி ஒன்று. உடலும் உள்ளமும் கலங்காதிருக்கும் நிலை ஒன்று. இவற்றுள் முதலாவதே வலிமை மிக்கது என்பது அவர் முடிவு.

செய்து பெறும் அனுபவத்தை எங்கே தொடங்குவது? எதையும் சீவாமல் செய்யக்கூடிய வேலையில் தொடங்க வேண்டும். விளிம்பு உடைந்த பல்லை ரெசினால் நிரப்புவதும், இரு முன்பற்களுக்கிடையே உள்ள இடைவெளியை ரெசின் சேர்த்து மூடுவதும் அத்தகையன. நன்றாக அமையாவிட்டால் ரெசினை நீக்கிவிட்டு மறுபடியும் செய்யலாம். பல்லுக்குப் பெரும்பாலும் இழப்பில்லை. இப்படி நூறு பற்களில் பழகிய கை, அடுத்த படியை அஞ்சாமல் ஏறும்.

இங்கே ஒரு வியப்பைச் சொல்ல வேண்டும். ஆறு முன்பற்களுக்கும் ஓடு பொருத்துவது கடினம் என்றும், ஒரே ஒரு பல்லுக்குப் பொருத்துவது எளிது என்றும் நினைப்பது இயல்பு. உண்மை பெரும்பாலும் இதற்கு மாறானது. ஆறையும் மாற்றினால் அவை தமக்குள் ஒத்திருந்தால் போதும். ஒன்றை மட்டும் மாற்றினால், அது பக்கத்தில் உள்ள இயற்கைப் பல்லோடு ஒத்திருக்க வேண்டும். அந்த இயற்கைப் பல்லோ ஒரே நிறமுடையதன்று. ஈற்றோரத்தில் எனாமல் மெல்லியதாதலால் உள்ளிருக்கும் டென்டினின் மஞ்சள் சாயல் தெரியும். நுனியில் ஒளி ஊடுருவி இளநீலம் தோன்றும். இவற்றை அளக்க 16 சாயல்கள் கொண்ட நிறவரிசைப் பலகை ஒன்றை மருத்துவர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருகின்றனர். அதைப் பல்லருகே பிடித்துச் சில நொடிகளே பார்க்க வேண்டும். நீண்ட நேரம் உற்று நோக்கினால் கண் சோர்ந்து ஏமாறும். வேலை தொடங்குமுன்பே பார்த்துவிடவும் வேண்டும். பல் உலர உலர வெளுத்துத் தோன்றும். இத்தகைய நுட்பங்களை ஒவ்வொன்றாக அறிந்தவருக்கே கடினமான வேலையில் அச்சம் தெளிகிறது.

இரண்டாவது ஊற்று, வல்லவர் அருகிருந்து காண்பது. அவர் கை செல்லும் வேகத்தைவிட, அவர் எவ்விடத்தில் நிறுத்திச் சிந்திக்கிறார் என்பதைக் கவனிப்பதே பயன் தரும். மூன்றாவது ஊற்று ஊக்கமொழி. அது நம் வேலையின் நிழற்படங்களைப் பார்த்துக் குறைகளையும் எடுத்துரைக்கும் ஆசிரியரிடமிருந்து வந்தால்தான் மதிப்புடையது. பீங்கானை வடித்துத் தரும் தொழில்நுட்பரும் இவ்வகையில் நல்ல ஆசிரியரே.

நான்காவது, கலங்காத நிலை. இதை மன உறுதியால் மட்டும் வரவழைக்க முடியாது, திட்டத்தால் வரவழைக்கலாம். நோயாளியின் பற்களை அச்செடுத்து, அந்த மாதிரியின்மேல் புதிய பற்களின் வடிவத்தை முதலில் மெழுகால் அமைப்பர். பின்னர் அவ்வடிவத்தைத் தற்காலிக ரெசினால் வாயிலேயே படியச் செய்வர். ஒரு பல்லைக்கூடத் தொடாமல், முடிவு எப்படி இருக்கும் என்பதை நோயாளியும் மருத்துவரும் முன்கூட்டியே கண்டுவிடலாம். பேசிப் பார்க்கவும் சொல்வோம். பல்லும் இதழும் பொருந்த வகாரம் பிறக்கும் என்று தொல்காப்பியத்தின் பிறப்பியல் கூறுகிறது. அந்த இலக்கண உண்மை இங்கே மருத்துவருக்குக் கைகொடுக்கிறது. ‘வா’, ‘வீடு’, ‘அவ்வை’ என்று சொல்லும்போது பல் நுனி இதழில் இடறினால், புதிய பல் நீண்டுவிட்டது என்று பொருள். அப்போது குறைக்க வேண்டியது ரெசினைத்தானே? வடிவம் சரியென்று இருவரும் ஒப்பியபின், அந்த ரெசின் வழியாகவே அளவான பள்ளங்கள் கீறிச் சீவினால், தேவைக்கு மேல் எனாமல் போகாது. எனாமல் மிஞ்சினால் ஒட்டும் உறுதியாகும்.

இவ்வளவும் கூறியபின் ஓர் எச்சரிக்கை. நம்பிக்கை மிகுந்திருப்பது திறமைக்குச் சான்றாகாது. டேவிட் டன்னிங், ஜஸ்டின் குரூகர் என்னும் இருவர் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், தேர்வில் கடைசியாக நின்றவர்களே தம் திறமையை மிகுதியாக மதிப்பிட்டுக்கொண்டதைக் காட்டினர். ஆதலால் நான் என் மாணவர்களுக்கு மூன்று வினாக்களைச் சொல்வதுண்டு. இவ்வேலையின் படிகளை முதலிலிருந்து கடைசிவரை உன்னால் எழுத முடியுமா? ஒவ்வொரு படியிலும் என்ன தவறு நேரலாம், நேர்ந்தால் என்ன செய்வாய்? இதைவிடக் குறைவாகப் பல்லைத் தொடும் வழி ஏதேனும் உண்டா? மூன்றுக்கும் விடை இருந்தால் தொடங்கலாம். இல்லையேல் மூத்த மருத்துவரிடம் அனுப்புவதே முறை.

மூன்றாம் வினாவே எல்லாவற்றிலும் முக்கியமானது. திருமணத்துக்கு இரண்டு திங்கள் இருக்கையில், கோணலான பற்களை உடனே நேராக்கித் தருமாறு கேட்டு வரும் 20 வயதினர் உண்டு. நலமான பற்களைச் சீவி ஓடு பொருத்தினால், குறித்த நாளுக்குள் அழகு வந்துவிடும். ஆனால் ஓடு வாழ்நாள் முழுதும் நிற்பதன்று. பின்னாளில் மாற்ற வேண்டியிருக்கும். மாற்றுந்தோறும் பல் மேலும் மெலியலாம். கம்பி கட்டிப் பற்களை நகர்த்த ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். ஆனால் எனாமல் முழுமையாக நிற்கும். அந்த இளைஞரிடமும் அவருடைய பெற்றோரிடமும் இதை விளக்கி, ‘பொறுத்திருங்கள்’ என்று சொல்வதற்குச் சீவுவதைவிட மிகுந்த துணிவு வேண்டும். வந்த வருவாய் போகும். வேறொருவரிடம் செல்வாரோ என்ற ஐயமும் எழும். அந்நிலையிலும் சொல்லத் துணிந்தவரே கடினமான வேலைக்குத் தகுதி பெற்றவர்.

மாணவ நண்பர்களே, நீங்கள் மருத்துவராகலாம், பொறியாளராகலாம், தச்சராகலாம். திரும்பப் பெற முடியாத ஒன்று உங்கள் கையில் ஒப்படைக்கப்படும் நாள் வரும். அன்று வேண்டிய துணிவை அன்றே தேடினால் கிடைக்காது. சிறிய வேலைகளைப் பெரிய வேலைகளைப்போல் கருதிச் செய்துவந்தவருக்கு அது முன்பே கைவந்திருக்கும்.