துப்பாக்கியை எத்தனை நாளைக்கு ஒரு முறை துடைக்க வேண்டும்?

இளங்கன்றுகளை வேரோடு பறித்தெறியும் காட்டுப்பன்றிகளிடமிருந்து பயிரைக் காக்க, உரிமம் பெற்ற சன்னத் துப்பாக்கி வைத்திருப்போர் தோட்டப்புறங்களில் உண்டு. “சுடாத துப்பாக்கிக்கு எண்ணெய் எதற்கு?” என்று அவர்களுள் சிலர் கேட்பது வழக்கம். வறண்ட நாட்டில் இக்கேள்வி பொருந்தலாம். நம் நாட்டிற்குப் பொருந்தாது.

காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 60 விழுக்காட்டைக் கடந்தாலே எஃகு விரைந்து துருப்பிடிக்கத் தொடங்கும். மலேசியாவில் மாத சராசரி ஈரப்பதம் 70 முதல் 90 விழுக்காடு வரை இருக்கிறது. ஆகவே இங்கே குழலைக் கெடுப்பது வெடிமருந்தைக் காட்டிலும் காற்றும் கைவியர்வையுமே ஆகும். வியர்வையிலுள்ள உப்பு பட்ட இடத்தில் விரல் அடையாளத்தின் வடிவிலேயே துரு படர்வதைப் பலர் கண்டிருப்பர். பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலத்தின் ஆவியும் எஃகை அரிக்கும். அமிலம் வைத்துள்ள அறையில் துப்பாக்கியை ஒருபோதும் வைத்தல் கூடாது.

சுட்ட அன்று மாலையே குழலைக் கழுவிவிட வேண்டும் என்று முதியோர் கண்டிப்பாகச் சொல்வர். அதற்குத் தக்க காரணம் இருந்தது. பழங்காலத் தோட்டாக்களின் எரியூட்டியில் பொட்டாசியம் குளோரேட் கலந்திருந்தது. அது வெடித்தபின் ஒருவகை உப்பு குழலில் படிந்து, ஈரத்தை இழுத்து, ஓரிரவிலேயே அரிப்பை உண்டாக்கும். எண்ணெயில் அவ்வுப்பு கரையாது. ஆதலால் முதலில் வெந்நீர் ஊற்றிக் கழுவி, உலர்த்தி, அதன் பிறகே எண்ணெய் பூசினர். இன்றைய தோட்டாக்களில் அவ்வுப்பு இல்லை, வெந்நீரும் தேவையில்லை. ஆயினும் மாலையிலேயே துடைக்கும் பழக்கத்தைக் கைவிட வேண்டியதில்லை.

சுட்ட நாளில் முழுத் துப்புரவு வேண்டும். சுடாமல் வெளியே கொண்டு சென்று திரும்பினாலும் உலர்ந்த துணியால் ஈரத்தைத் துடைத்து, மெல்லிய எண்ணெய் பூச வேண்டும். பெட்டியிலேயே கிடப்பதை மாதம் ஒரு முறையும், மழைக்காலத்தில் இரு வாரங்களுக்கு ஒரு முறையும் எடுத்துப் பார்ப்பது நலம். தோலுறையிலோ துணியுறையிலோ நெடுநாள் வைப்பது தவறு. உறை ஈரத்தைக் குடித்து எஃகின் மேல் பிடித்து வைத்திருக்கும். எண்ணெயை அளவுக்கு மீறி ஊற்றுவோரும் உளர். அது வழிந்திறங்கி மரக்கட்டையை ஊறவைத்து மென்மையாக்கிவிடும்.

துடைக்க அமர்வதற்கு முன் தோட்டா உள்ளதா எனக் கண்ணால் பார்த்து, விரலாலும் தடவி அறிய வேண்டும். இரட்டைக்குழல் என்றால் இரண்டையும் பார்க்க வேண்டும். தோட்டாக்கள் அந்த அறையிலேயே இருக்கக்கூடாது, பிள்ளைகளும் இருக்கக்கூடாது. லயத்து வீடுகளில் ஒரு சுவருக்கு அப்பால் இன்னொரு குடும்பம் உறங்குகிறது என்பதை நினைவிற்கொண்டு, குழல்முனையை எப்பக்கம் திருப்புகிறோம் என்பதையும் கவனிக்க வேண்டும்.

துருவினும் கொடியது அடைப்பு. துடைகோலிலிருந்து கழன்ற துணித்துண்டு, குளவி கட்டிய மண்கூடு, விழுந்தபோது புகுந்த சேறு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று குழலில் இருக்கும்போது சுட்டால் குழல் வெடித்துக் கையைச் சிதைக்கக்கூடும். 12ஆம் எண் துப்பாக்கியில் தவறுதலாக 20ஆம் எண் தோட்டாவைப் போட்டால், அது சிறியதாகையால் வழுக்கிச் சென்று குழலினுள் சிக்கி நிற்கும். பின்வாய் வெறுமையாகத் தெரிவதால் மற்றொரு தோட்டாவைப் போட்டுச் சுட்டவர்கள் விரல்களை இழந்திருக்கின்றனர். பல நிறுவனங்கள் 20ஆம் எண் தோட்டாவிற்கு மஞ்சள் நிறம் இடுவது இதன் பொருட்டே. எனவே தோட்டா இடுவதற்கு முன், துப்பாக்கியை மடித்துத் திறந்து, பின்வாய் வழியாக வெளிச்சத்தை நோக்கிக் குழலைப் பார்க்க வேண்டும். வெளிச்சம் முழு வட்டமாகத் தெரிதல் வேண்டும்.

விசை தளர்ந்தாலோ குழலில் பள்ளம் விழுந்தாலோ, தோட்டத்துப் பட்டறையில் கொடுத்துப் பற்றவைப்பது ஆபத்தானது. துப்பாக்கி பழுதுபார்க்கும் தொழிலுக்கும் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் வேண்டும். அத்தகையவரிடமே கொடுக்க வேண்டும்.