அசைவே மருந்து

1956ஆம் ஆண்டு. நியூசிலாந்தின் வெலிங்டன் நகரில் இராபின் மெக்கென்சி என்னும் இளம் இயன்முறை மருத்துவர் தம் மருத்துவ நிலையத்தில் பணியாற்றிவந்தார். அவரிடம் வந்தவர்களுள் ஒருவருக்கு இடுப்பில் தொடங்கிய வலி முழங்கால் வரை இறங்கியிருந்தது. மூன்று வாரங்கள் மருத்துவம் செய்தும் பயனில்லை. அவரது உண்மைப் பெயரை மறைத்து, 'ஸ்மித்' என்றே மருத்துவ நூல்கள் குறிப்பிடுகின்றன. ஒருநாள் மெக்கென்சி அவரிடம், அறைக்குச் சென்று கட்டிலில் குப்புறப் படுத்திருக்குமாறு கூறினார். அக்கட்டிலின் தலைப்பகுதி, முன்னர் வந்த மற்றொருவருக்காக உயர்த்தி வைக்கப்பட்டிருந்தது. அதைத் தாழ்த்த வேண்டும் என்று அறியாத ஸ்மித், முதுகு பின்னோக்கி வளைந்த நிலையிலேயே படுத்துவிட்டார்.

சில நிமிடங்கள் கழித்து உள்ளே வந்த மெக்கென்சி திடுக்கிட்டார். முதுகுவலி உடையவரை அப்படி வளைப்பது தீங்கு என்றே அக்காலத்தில் கருதப்பட்டது. ஆனால், ஸ்மித்தோ பல வாரங்களில் காணாத நலத்தை உணர்வதாகக் கூறினார். கால்வலி நீங்கியிருந்தது, எஞ்சிய வலி முதுகின் நடுப்பகுதிக்கு ஒதுங்கியிருந்தது. காலில் பரவிய வலி இவ்வாறு முதுகை நோக்கிப் பின்வாங்குவது நல்ல அறிகுறி என்பதை மெக்கென்சி பின்னர்ப் பலரிடம் சோதித்து உறுதிசெய்தார். தவறுதலாக நேர்ந்த அந்நிகழ்ச்சியிலிருந்து ஒரு மருத்துவ முறையே பிறந்தது.

முதுகின் கட்டமைப்பு

கழுத்தில் ஏழு, மார்புப் பகுதியில் பன்னிரண்டு, இடுப்பில் ஐந்து என அடுக்கப்பட்ட முள்ளெலும்புகளும், அவற்றின்கீழ் ஒன்றிணைந்து அமைந்த எலும்புகளும் சேர்ந்ததே முதுகெலும்பு. அடுத்தடுத்த முள்ளெலும்புகளுக்கு இடையே வட்டு என்னும் மெத்தை போன்ற பகுதி உள்ளது. அதன் வெளிப்புறம் உறுதியான நார்வளையங்களாலும் உட்புறம் நீர்ச்சத்து மிகுந்த கூழ்மத்தாலும் ஆனது. பகல் முழுவதும் உடலின் எடையைத் தாங்கும் வட்டுகள் சிறிது நீரை இழக்கின்றன. இரவில் படுத்திருக்கையில் அதை மீண்டும் உறிஞ்சிக்கொள்கின்றன. காலையில் அளந்தால் மனிதர் மாலையில் இருப்பதைவிட ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உயரமாக இருப்பதற்கு இதுவே காரணம்.

வளர்ந்தவரின் வட்டினுள்ளே குருதிக்குழாய்கள் பெரும்பாலும் இல்லை. அண்டையிலுள்ள எலும்புகளிலிருந்து சிறிது சிறிதாகக் கசிந்து வருவதே அதற்கு உணவு. உடல் அசையும்போது வட்டு அழுந்தித் தளர்வதால் நீரின் போக்குவரவு நிகழ்கிறது. பல மணிநேரம் ஒரே நிலையில் அமர்ந்திருப்பவரின் முதுகு விறைத்துப்போவதில் வியப்பில்லை.

எப்படி அமர்வது சரி என்னும் வினா பலருக்கு எழும். சுவீடனைச் சேர்ந்த ஆல்ஃப் நாக்கெம்சன் 1960களில் தன்னார்வலர்களின் வட்டினுள் ஊசியைச் செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நிற்கும்போதைவிட அமரும்போது அழுத்தம் மிகுதி. முன்குனிந்து அமர்ந்தால் அது மேலும் கூடுகிறது என்று அவர் கண்டார். 1999இல் வெளியான செருமனியின் மற்றோர் ஆய்வில், பின்னே சாய்ந்து தளர்வாக அமரும்போது அழுத்தம் நிற்பதைவிடக் குறைவாகப் பதிவாயிற்று. எனவே, எல்லாருக்கும் எப்போதும் பொருந்தும் ஒரே 'சரியான இருக்கை நிலை' என்று ஒன்றைச் சுட்டுவது கடினம். நெடுநேரம் ஒரே நிலையில் இராமல் அவ்வப்போது மாறுவதே நடைமுறைக்கு உகந்தது.

படுக்கையா, நடமாட்டமா?

இடுப்புப் பிடித்துக்கொண்டால் பாயை விரித்துப் படுத்துவிட வேண்டும் என்பது வழிவழி வந்த நம்பிக்கை. மருத்துவர்களும் ஒருகாலத்தில் வாரக்கணக்கில் படுக்கை ஓய்வைப் பரிந்துரைத்தனர். நாள்கூலியை நம்பி வாழும் சுமைதூக்கும் தொழிலாளிக்கு அவ்வாரங்கள் வருவாயற்ற வாரங்கள். அந்த ஓய்வு பயன் தந்ததா என்பதே பின்னர்ச் சோதனைக்கு உள்ளாயிற்று. 1995இல் பின்லாந்தின் ஹெல்சின்கி நகரப் பணியாளர்களிடம் நடந்த ஆய்வின் முடிவு வெளியானது. திடீர் முதுகுவலியால் வந்த அவர்களுள் ஒரு பிரிவினர் இரண்டு நாள் படுக்கையில் இருந்தனர். ஒரு பிரிவினர் குறிப்பிட்ட பயிற்சிகளைச் செய்தனர். மூன்றாம் பிரிவினர் வலி அனுமதிக்கும் அளவுக்கு அன்றாடப் பணிகளைத் தொடர்ந்தனர். விரைவில் நலம் பெற்றோர் மூன்றாம் பிரிவினரே. வலி கடுமையாக இருக்கும் முதற்சில நாள்களில் பயிற்சியும்கூட நடமாட்டத்தை விஞ்சவில்லை என்பது இங்குக் கருதத்தக்கது. நெடுநாள் நீடிக்கும் வலியிலேயே பயிற்சியின் பயன் தெளிவாகத் தெரிகிறது.

அச்சமும் ஒரு தடையாகிறது. 'வட்டு தேய்ந்துவிட்டது' என்று ஊடுகதிர்ப் படம் பார்த்தவர் சொன்னதும், குனிந்தால் முதுகு முறிந்துவிடும் என்று பலர் அஞ்சுகின்றனர். வலியே இல்லாதவர்களைப் படமெடுத்தாலும், இருபது வயதினரில் மூன்றில் ஒரு பங்கினர்க்கு மேற்பட்டோரிடம் வட்டுத் தேய்வின் அடையாளங்கள் காணப்படுவதை 2015இல் வெளிவந்த தொகுப்பாய்வு காட்டியது. வயது கூடக் கூட அவ்விகிதமும் கூடுகிறது. நரைமுடியைப் போலவே அதையும் கொள்ளலாம்.

கழுத்தின் சுமை

மனிதத் தலையின் எடை ஏறத்தாழ ஐந்து கிலோகிராம். நிமிர்ந்திருக்கையில் அதை எலும்புகளே பெருமளவு தாங்குகின்றன. கைப்பேசியை நோக்கித் தலை முன்னே சாயும்போது பிடரித் தசைகள் அதனை இழுத்துப் பிடித்தவாறு நிற்க வேண்டும். முழுக் கையையும் நீட்டி ஒரு குடம் நீரைத் தூக்கி நிற்பவருக்கு நேரும் களைப்பை இதனுடன் ஒப்பிடலாம். மோவாயை மெல்ல உள்ளிழுத்துத் தலையைப் பின்னே கொண்டுவருதல், தோள்பட்டை எலும்புகளைப் பின்னோக்கி ஒன்றுசேர்த்தல், கழுத்தின் ஆழ்தசைகளை வலுப்படுத்துதல் ஆகிய பயிற்சிகளை இயன்முறை மருத்துவர்கள் கற்பிக்கின்றனர். படிக்கும் நூலையோ திரையையோ கண்மட்டத்திற்கு உயர்த்துவது இவற்றைவிட எளிது.

இயன்முறை மருத்துவரின் பணி

ஸ்மித்துக்கு நலம் தந்த பின்வளைவு எல்லார்க்கும் பொருந்தாது. தண்டுவடக் குழல் குறுகிய முதியவர் பலருக்கு நிமிர்ந்தால் வலி மிகும், முன்குனிந்தால் குறையும். எந்த அசைவு வலியைக் கூட்டுகிறது, எது குறைக்கிறது என்று பொறுமையாகச் சோதித்தறிவதே இம்மருத்துவத்தின் முதற்பணி. வெப்ப ஒத்தடமும் கைமுறை மருத்துவமும் சற்று நேரம் இதமளிக்கும். அவை பயிற்சிக்குத் துணையே அன்றி மாற்றல்ல.

சில அறிகுறிகளில் பயிற்சியைத் தொடங்குவதே தவறு. சிறுநீர், மலம் கழிப்பதில் கட்டுப்பாடு இழத்தல், தொடை இடுக்கில் உணர்ச்சி குன்றுதல், கால்கள் மேன்மேலும் வலுவிழத்தல் ஆகியன தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். காய்ச்சல், காரணமின்றி எடை குறைதல், விபத்துக்குப்பின் எழும் கடும்வலி ஆகியவற்றுடன் வரும் முதுகுவலியையும் மருத்துவர் முதலில் ஆராய வேண்டும்.

பெரும்பாலோருடைய முதுகுவலி இவ்வகையைச் சேர்ந்ததன்று. 2020இல் உலகில் 61.9 கோடிப் பேர் இடுப்புவலியால் வருந்தியதாக உலக நலவாழ்வு நிறுவனம் கணக்கிட்டுள்ளது. இத்தனை பேருக்கும் நாள்தோறும் மருத்துவரின் கை கிட்டாது. இதை உணர்ந்த மெக்கென்சி, நோயாளர் தம் முதுகைத் தாமே பேணுவதற்கான வழிகாட்டி நூலொன்றை 1980இல் வெளியிட்டார். பின்னர்க் கழுத்துக்கும் அத்தகைய நூலை எழுதினார்.