நுரையீரலை அறுக்கும் சொந்தக் கத்தரிகள்

மட்டன் சீக்கிரம் வேகணும்னா பப்பாளிக்காய்த் துண்டு ஒன்றைப் போடுவோம். அதன் பாலில் உள்ள பப்பெய்ன் என்ற நொதி இறைச்சியின் புரதங்களை வெட்டி மெத்தென்று ஆக்கிவிடும். 1960-களின் நடுவில் அமெரிக்காவில் பால் கிராஸ் குழுவினர் இதே பப்பெய்னை எலிகளின் நுரையீரலுக்குள் செலுத்திப் பார்த்தார்கள். காற்றறைகளின் சுவர்கள் சிதைந்து எம்ஃபிசீமா வந்தது.

இப்படி வெட்டுகிற நொதி நம் உடம்பிலேயே இருக்கா? இருக்கு. நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு, கிருமிகளைக் கொல்ல எலாஸ்டேஸ் என்ற நொதியை வைத்திருக்கிறது. அது எலாஸ்டினையும் வெட்டும். நுரையீரலை ரப்பர் போல விரிந்து சுருங்க வைக்கும் நார்தான் எலாஸ்டின். மூச்சை இழுக்கத் தசை உழைக்கணும். சாதாரணமாக மூச்சு விட இந்த நாரின் இழுவிசையே போதும். நார் அறுந்தால் உள்ளே போன காற்று முழுசா வெளியே வராது. சிஓபிடி நோயாளிகள் மூச்சு விடத் திணறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சரி, எலாஸ்டேஸ் எல்லாருக்கும் இருக்கே, எல்லாருடைய நுரையீரலும் ஏன் சிதையவில்லை?

அதற்கான தடயம் 1963-ல் ஸ்வீடனில் கிடைத்தது. லாரெல், எரிக்சன் இருவரும் ரத்தப் புரதங்களை மின்சாரம் பாய்ச்சிப் பிரித்துப் பார்த்தபோது, ஐந்து பேரின் மாதிரியில் ஒரு பட்டையைக் காணோம். அவர்களில் மூவருக்கு நுரையீரல் நோய். இல்லாமல் போனது ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின்: கல்லீரலில் உருவாகி, ரத்தம் வழியாக நுரையீரலுக்கு வந்து, எலாஸ்டேஸைப் பிடித்து முடக்கும் காவலாளி.

இந்தப் பரம்பரைக் குறை அரிது. ஆனால் காவலாளி இருப்பவர்களையும் புகை விடுவதில்லை. ஒரு பக்கம் நியூட்ரோஃபில்களை நுரையீரலுக்குள் கூட்டி வருகிறது. மறுபக்கம் ஆன்டிட்ரிப்சினை ஆக்சிஜனேற்றம் செய்து அதன் பிடியைத் தளர்த்துகிறது. கத்தரியும் ஒன்றல்ல. மேக்ரோஃபேஜ் செல்கள் எம்எம்பி-12 என்ற இன்னொரு நொதியைச் சுரக்கின்றன. அது இல்லாத சுண்டெலிகளுக்குச் சிகரெட் புகை கொடுத்தும் எம்ஃபிசீமா வரவில்லை என்று 1997-ல் காட்டினார்கள்.

எலாஸ்டின் பெரும்பாலும் இளம்வயதில்தான் உருவாகிறது. பிறகு அறுந்ததை உடம்பு பழையபடி கோத்துத் தருவதில்லை. பரம்பரைக் குறை உள்ளவர்களுக்கு ஆன்டிட்ரிப்சினை ஊசி வழியாக ஏற்றினாலும், இழப்பின் வேகம்தான் குறையும்.

“நுரையீரலைச் சுத்தம் செய்யும்” என்று விற்கும் பானங்களை நான் நம்பாததற்குக் காரணம் இதுதான். அங்கே பிரச்சினை அழுக்கு இல்லை, அறுந்த நார். “இத்தனை வருஷம் புகை பிடிச்சாச்சு, இனி நிறுத்தி என்ன?” என்பவர்களுக்கும் அதே நார்தான் பதில்: போனது வராது, மிச்சத்தைக் காப்பாற்றலாம்.